பாதி நின்ற சுவர்

அந்த வீட்டை இரண்டாக்கியது ஒரு மின்விசிறி. அண்ணனுக்குக் காற்றுப் பட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். தம்பிக்குக் காற்று இல்லாவிட்டால் கண் மூடாது. கூடத்தின் நடுவே தொங்கிய அந்த ஒற்றை விசிறியை அண்ணன் இரண்டில் வைத்துவிட்டுப் படுப்பார். தம்பி எழுந்துபோய் ஐந்தில் வைப்பார். அப்பா இருந்தவரை அது சிரித்துக்கொண்டே நடந்த சண்டை. அவர் போன பிறகு சிரிப்பு மட்டும் நின்றுபோனது. விசிறியில் ஆரம்பித்த பேச்சு, யார் யாரை மதிக்கவில்லை, யார் பெண்டாட்டி யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள் என்று வளர்ந்து, கடைசியில் கூடத்தின் நடுவே சுவராக எழுந்து நின்றது.

சுவர் தெருப் பக்கத்து ஜன்னலின் சரிபாதியில் போய் முட்டியது. ஆளுக்கொரு ஜன்னல் கதவு. விசிறி மாட்டும் கொக்கி சுவருக்கு நேர் மேலே அகப்பட்டுக்கொண்டதால், விசிறி யாருக்கும் இல்லாமல் பரணுக்குப் போனது. அண்ணன் பக்கம் சமையலறையும் மாடிப்படியும் வந்தன. தம்பி பக்கம் குளியலறையும் தண்ணீர்க் குழாயும். அதனால் அண்ணன் கொல்லையில் ஒரு குளியலறை கட்டிக்கொண்டார். தம்பி பின்னறையில் ஒரு மேடை போட்டு அடுப்பை வைத்துக்கொண்டார். தெருக்காரர்களுக்குத்தான் புதுச் சிக்கல். இரண்டு வீட்டுப் பெண்களையும் பிரித்துச் சொல்ல வேண்டுமே. பெரிய வீட்டம்மா என்று ஒருத்தியைச் சொன்னால் இன்னொருத்தி சின்ன வீட்டம்மா ஆகிவிடுவாள், அப்படிச் சொன்னவரை அவள் சும்மா விடமாட்டாள். ஆகவே ஒருத்தி மாடிப்படியம்மா, மற்றவள் குழாயம்மா என்றானது.

இது மாடிப்படியம்மாவின் கதை. மூத்த மருமகள் என்பதால் பெரியவள் என்றே சொல்லிக்கொண்டு போகலாம். மற்றவள் சின்னவள்.

பெரியவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் நாலைந்து பேரைக் காக்கவைத்து, யாரையும் கோபப்படுத்தாமல் எல்லோருக்கும் இணைப்புக் கொடுப்பாள். "லைன்ல இருங்க, இதோ குடுக்கறேன்" என்று அவள் சொல்லும் தொனிக்கே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மூச்சு விடும் சத்தத்தை வைத்தே எதிர்முனையில் அழுதுகொண்டிருக்கிறார்களா, அழுது முடித்துவிட்டார்களா என்று சொல்லிவிடுவாள். அவ்வளவு கூர்மையான காது.

அந்தக் காதோடுதான் அவள் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தாள். கணவர் போனார். சில வருஷங்களில் கொழுந்தனும் போனார். சின்னவளுடைய ஒரே மகன் படித்து, வேலை கிடைத்து, தொலைவில் வேறொரு ஊரில் குடும்பமானான். வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு பெண்களும் நடுவில் ஒரு சுவரும். சண்டை போட்ட இரண்டு பேருமே இல்லை. ஆனால் பெண்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. முதலில் பேசுவது யார் என்பதில் பிடிவாதம் என்றுகூடச் சொல்ல முடியாது. பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் பெரியவளின் நாள் முழுக்கச் சின்னவளின் சத்தத்தில்தான் ஓடியது. அங்கே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் இவள் எழுந்துகொள்வாள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கினால் டீ போடுவாள். இருவரும் டி.வி.யில் ஒரே தொடரைத்தான் பார்த்தார்கள். சின்னவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்ததால் அவள் பெட்டி அலறும். பெரியவள் தன் பெட்டியில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வாள். சத்தம்தான் சுவரைத் தாண்டி வருகிறதே, எதற்கு இரண்டு?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சத்தங்கள்தான் அவளுக்கு ஆள்துணை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவும் யாருமில்லை.

ஒரு காலை வாளி உருளும் சத்தம் கேட்டது. குழாய் திறந்தது திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். சின்னவள் தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை. சுவரருகே போய், வருஷக்கணக்காகச் செய்யாததைச் செய்தாள்.

"ஏம்மா! என்னாச்சு? உன்னைத்தான்!"

காதைச் சுவரில் வைத்தாள். சற்றுப் பொறுத்துச் சுவரின் அடியில், தரையோரமாக, யாரோ விரல் முட்டியால் தட்டுவது போலக் கேட்டது.

தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவரைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். அவர் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். குளியலறைப் படியில் வழுக்கி விழுந்த சின்னவள், இடுப்பை அசைக்க முடியாமல் கூடம் வரை கையால் ஊர்ந்து வந்து சுவரோரமாகக் கிடந்தாள். ஆம்புலன்ஸில் பெரியவள்தான் கூடப் போனாள். வலியில் சின்னவள் கண்ணைத் திறக்கவேயில்லை. வழியெல்லாம் பெரியவளின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய விரல் என்று அவளுக்குத் தெரிந்ததா என்பது பெரியவளுக்குத் தெரியவில்லை.

மகன் வந்தான். அறுவை சிகிச்சை முடிந்ததும் அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போனான். போவதற்கு முன் சாவியைப் பெரியவளிடம் கொடுத்தான்.

"பெரியம்மா, அந்தப் பக்கத்தையும் நீங்களே பாத்துக்கங்க. எனக்கு இங்க வந்து போக நேரமே இருக்காது. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க."

"அம்மா திரும்பி வருவாங்கல்ல?"

"நடக்க ஆரம்பிச்சா பாக்கலாம்" என்றான். பெரியவள் முதல் இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டு மூன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டாள்.

முதல் மழைக்கு அந்தப் பக்கத்துக் கூரை சொட்டியது. வாளி வைப்பதற்காக அவள் அங்கே நுழைந்தாள். சுவர் எழுந்த நாளிலிருந்து, சின்னவள் விழுந்த அந்த அவசரத்தைத் தவிர, அவள் அங்கே கால் வைத்ததில்லை. இப்போதுதான் நின்று பார்த்தாள். சுவரின் இந்தப் பக்கம் அழகான பச்சை வண்ணம். உள்ளே தள்ளிக் கட்டிய சிறிய அலமாரி ஒன்று. அதில் கொழுந்தனின் படம், நூல்கண்டுகள், மூக்குக்கண்ணாடிக் கூடு. தன் பக்கத்தில் அதே சுவர் பூச்சு மட்டும் பூசிய சாம்பல் நிறத்தில் நிற்பது அவளுக்கு நினைவு வந்தது. அவளும் கணவரும் அதற்கு ஒருநாளும் வண்ணம் அடித்ததில்லை. ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

கூரையைப் பார்க்க மேஸ்திரி வந்தார். கூரையைப் பார்த்தவர் குளியலறையையும் பார்த்தார்.

"இந்தப் படி இருக்கறவரைக்கும் யாராவது விழுந்துக்கிட்டேதாம்மா இருப்பாங்க."

"எடுத்துடுங்க."

"படிய எடுத்தா தரைய மட்டமாக்கணும். தரைய ஒடைச்சா பைப்பு வெளிய வரும்."

பிளம்பர் வந்தார். பைப்புக்காகச் சுவரைக் கொத்தியபோது, துணி சுற்றிய பழைய மின்கம்பி ஒன்று வெளியே தலைநீட்டியது. எலக்ட்ரீஷியன் வந்தான். அவன் இரண்டு பக்கத்து மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வீடா, குட்டித் துணைமின் நிலையமா?" என்றான். இரண்டு இணைப்புகளையும் ஒன்றாக்கி எல்லாக் கம்பியையும் மாற்றாவிட்டால் தான் பொறுப்பில்லை என்றான். மாடிப்படியின் மரக்கைப்பிடி ஆடுகிறது என்று அவனே ஒரு தச்சரையும் அனுப்பிவைத்தான். தச்சர் கைப்பிடியைத் தொட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். "இது என்னம்மா, ஜன்னல் நடுவுல சுவரு? கட்டினவங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

பெரியவள் அந்தச் சுவரைப் பார்த்தாள். "இது தாங்குற சுவரா மேஸ்திரி?"

மேஸ்திரி தட்டிப் பார்த்தார். "எதையும் தாங்கல. சும்மா நிக்குது."

"அப்ப எடுத்துடுங்க" என்றாள்.

இப்படித்தான் கூரை, குளியலறை, மின்கம்பி, மாடிப்படி, ஜன்னல், சுவர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கின. ஒவ்வொன்றாகச் செய்யலாமே என்று தெருவில் கேட்டார்கள். அவள் தலையாட்டினாளே தவிர, கேட்டுக்கொள்ளவில்லை. சின்னவள் நடக்க ஆரம்பிப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது அவள் கணக்கு.

வீடு போர்க்களமானது. மேஸ்திரி சிமென்ட் குழைக்கத் தண்ணீர் கேட்கும்போது பிளம்பர் வால்வை மூடியிருப்பார். தச்சர் ரம்பத்தை ஓட்டும்போது எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிடுவான். மேஸ்திரி கொத்திய தூசி தச்சர் பூசிய வார்னிஷில் போய் உட்காரும். நாலு பேரும் நாலு பக்கமிருந்து "அம்மா!" என்று கத்துவார்கள். பெரியவள் கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "பிளம்பர், அரைமணி நேரம் தண்ணி விடுங்க. தச்சரே, மேஸ்திரி முடிக்கற வரைக்கும் மாடிக்குப் போயிடுங்க. மேஸ்திரி, நீங்க கொஞ்சம் லைன்ல இருங்க, இதோ குடுக்கறேன்."

"லைன்ல இருக்கணுமாம்ல" என்று மேஸ்திரி கையில் கரண்டியோடு நின்று சிரித்தார். அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒருவரையொருவர் காக்கவைக்கும்போதெல்லாம் "லைன்ல இருய்யா" என்பது பேச்சாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன்தான் அவர்களில் வாயாடி. ஏணியில் நின்றுகொண்டே பெண்டாட்டியோடு போனில் பேசுவான். கொஞ்சுவான், சண்டை போடுவான், திரும்பக் கொஞ்சுவான். பெரியவள் கீழே கேட்காதது போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவன் கோபத்தில் போனை வைத்துவிட்டபோது, "அவ அழுதுட்டிருந்தாப்பா, நீ வச்சிருக்கக் கூடாது" என்றாள். அவன் ஏணியிலிருந்து திகைத்துப் பார்த்தான். மறுபடி எண்ணை அழுத்தினான்.

பொழுது சாயும். ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். கடைசி சைக்கிள் தெரு திரும்பும் சத்தம் வரை அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். அதன் பிறகு அந்த வீட்டில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும், விழத்தான் எதுவுமில்லை. தூசி படியாத மூலையாகப் பார்த்துக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். பல வருஷம் பழகிய வீட்டில் கண் விழிக்கும்போது எந்த அறையில் இருக்கிறோம் என்று தெரியாமல் கையால் துழாவுவாள். டி.வி.க்குச் சத்தம் வைத்துப் பார்த்தாள். தன் பெட்டியிலிருந்து வரும் அந்தக் குரல்கள் ஏதோ அந்நியர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தன. அணைத்துவிட்டாள்.

சுவரை இடிக்கும் முன் அலமாரியில் இருந்தவற்றை அவளே எடுத்துத் துடைத்துத் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்தாள். தெருப் பக்கமிருந்து சம்மட்டி விழத் தொடங்கியது. ஜன்னலின் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தன. கூடத்தில் வெளிச்சம் அகலமாக வந்து விழுந்தது. மேஸ்திரி, "மிச்சத்தை நாளைக்குப் பாத்துடலாம்" என்றார்.

அந்த நாளைக்குப் பெரியவள் ஊரில் இல்லை. குளியலறைத் தரைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அங்கே பிடித்து எழுந்திருக்க வைக்கும் கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்துவது என்று பிளம்பர் கேட்டார். அவள் உயரமும் சின்னவள் உயரமும் ஒன்றல்ல. போனில் கேட்கலாம்தான். ஊரார் எல்லோருக்கும் போனில் இணைப்புக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு எண்ணை அழுத்தக் கை வரவில்லை. இரண்டு டைல்ஸ் துண்டுகளைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அன்றிரவே பஸ் ஏறிவிட்டாள்.

மகனுடைய வீடு ஒரு அடுக்குமாடியில் உயரத்தில் இருந்தது. அவனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடித்து நடக்கும் அலுமினியச் சட்டம். ஆள் பாதியாகியிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வார்த்தைதான். அதையும் நேற்றுப் பார்த்துப் பேசியவள் போலச் சொன்னாள்.

பெரியவள் எதிரே உட்கார்ந்தாள். "இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. அதுபாட்டுக்கு."

பெரியவள் அவசரமாகத் துண்டைப் பிரித்து டைல்ஸை அவள் மடியில் வைத்தாள். "உன் பாத்ரூமுக்கு. படிய எடுத்து மட்டமாக்கச் சொல்லிட்டேன். வழுக்காதது இந்த ரெண்டுதான். எது வேணும்னு சொல்லு."

சின்னவள் விரலால் இரண்டையும் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஏதோ இளகியது. "இது நல்லாருக்கு. சொரசொரன்னு கால் பிடிக்கும்." பிறகு கேட்டாள், "தூசி ரொம்பப் பறக்குமே. கூடத்து அலமாரிக்குத் துணி கிணி போட்டு வச்சீங்களா?"

"உன் சாமான் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டேன். சுவரை எடுக்கறோம்ல, அதனால."

"எந்தச் சுவரை?"

"நடுச் சுவரைத்தான்."

சின்னவள் டைல்ஸை மடியிலிருந்து எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். "யாரைக் கேட்டு எடுக்கறீங்க?"

"உன் பையன் சொன்னான், உங்களுக்குத் தோணுற மாதிரி பண்ணுங்கன்னு. நான் நெனச்சேன், நீ வந்தா ரெண்டு பேரும்..."

"அவனுக்கு என்ன தெரியும்? அந்தச் சுவரு எழும்பினப்ப அவன் பொறக்கவே இல்ல." குரல் மெலிந்திருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "கட்டறதுக்கு எந்தக் கொத்தனாரும் வரமாட்டேன்னுட்டாங்க. அண்ணன் தம்பிக்கு நடுவுல கல்லு வச்ச பாவம் எனக்கெதுக்குன்னு. அவரே கட்டினாரு. கட்டத் தெரியாது, வளைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒவ்வொரு கல்லையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். கல்யாணமாகி நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மொத வேலை அக்கா அது. அலமாரிக்கு எடம் விட்டு, இங்க உன் நூல்கண்டை வச்சுக்கோன்னாரு. நீங்க அந்தப் பக்கம் அழுதுட்டிருந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு. இந்தப் பக்கம் நாங்க சிரிச்சுட்டிருந்தோம்."

சின்னவள் அன்றைக்கெல்லாம் அழுதிருப்பாள் என்றுதான் பெரியவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அந்தச் சுவரிலிருந்து ஒவ்வொரு சத்தத்தையும் எடுத்துத் தனக்கு வேண்டியபடி அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தது தான்தான் என்று தோன்றியது.

"கைப்பிடி எந்த உயரத்துல வேணும்?" என்று கடைசியில் கேட்டாள். வேறு கேட்க அவளிடம் ஒன்றுமில்லை.

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் நிலையத்திலிருந்து மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "நிறுத்துங்க மேஸ்திரி. சுவரைத் தொடாதீங்க."

"இன்னும் பாதிதாம்மா நிக்குது. மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"அலமாரி நிக்குதா?"

"அது பின்பாதியிலல்ல இருக்கு. நிக்குது."

"அப்படியே விடுங்க."

மறுநாள் மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தார். கடிபட்ட ரொட்டித் துண்டு போல ஓரம் பிய்ந்து நின்றது. "இடின்னா இடிக்கறேன். கட்டுன்னா கட்டறேன். பாதியில நிறுத்துன்னா நான் எந்தப் பக்கம் போறது?" எலக்ட்ரீஷியன் சுவர் இருக்காது என்று கணக்கிட்டுக் கம்பி இழுத்திருந்தான். சுவர் போனதும் கொல்லைப் பக்கம் வைப்பதாக இருந்த பெரிய கதவுக்குத் தச்சர் பலகையெல்லாம் அறுத்துவிட்டார். நாலு பேருக்கும் பாதி வேலை திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. ஆனாலும் மேஸ்திரி அந்த ஓரத்தில் ஒரு தூணைக் கட்டி நிறுத்தி, பூசி, கையால் தடவி வழுவழுப்பாக்கினார். "கட்டினவரு தொழில் தெரிஞ்ச ஆள் இல்ல. நூல் பிடிக்காமலே கட்டியிருக்காரு" என்றார். பெரியவள், "தெரியும்" என்றாள்.

அவள் இரண்டு முறை மகனுக்குப் போன் செய்தாள். அம்மா தூங்குவதாக இரண்டு முறையும் சொன்னான். பெரியவளுக்குக் கோபம் வரவில்லை. ஆபரேட்டராக இருந்தபோது "அவங்க சீட்டுல இல்லைங்க" என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்!

பிறகொரு முற்பகலில், வர்ணம் பூசுபவர் டப்பாக்களோடு வந்து இறங்கியபோது போன் அடித்தது. எடுத்தாள். மூச்சு கேட்டது. யாரென்று தெரிந்துவிட்டது.

"சுவருக்கு என்ன கலர் அடிக்கறீங்க?" என்றாள் சின்னவள்.

"நீ சொல்லு."

"பச்சை. பழைய பச்சையே. வெளிறிப்போன பச்சையை வாங்கி ஏமாந்துடாதீங்க."

"சரி."

"உங்க பக்கமும் அடிங்க. இத்தனை வருஷமும் சாம்பல் கலருல வச்சிருந்தீங்களாம்ல. பையன் சொன்னான்."

"சரி, அடிக்கறேன்."

போன் நின்றுவிட்டது. பெரியவள் கையில் போனோடு சிரித்தாள். வர்ணம் பூசுபவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துத் தானும் சிரித்து வைத்தார்.

அதன் பிறகு போன் வரத் தொடங்கியது. சின்னவள் ஒருநாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. கட்டளை மட்டும்தான். குழாய் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். கைப்பிடி தன் மார்பளவு உயரம், அதாவது பெரியவளுக்கு வயிற்றளவு. தையல் இயந்திரத்துக்கு ஜன்னலோரம் ஒரு பிளக். பரணிலிருந்து விசிறியை இறக்கி எலக்ட்ரீஷியன் எண்ணெய் போட்டு, சுவர் இடிந்த பாதிக்கு மேலே மாட்டிய அன்றும் போன் வந்தது.

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுது."

"எத்தனையில வச்சிருக்கீங்க?"

பெரியவள் ரெகுலேட்டரைப் பார்த்தாள். "ரெண்டுல."

"அஞ்சுல வைங்க."

வைத்தாள். கூடத்தில் கிடந்த பழைய செய்தித்தாள்கள் எல்லாம் எழுந்து பறந்தன. போனை மேலே தூக்கிப் பிடித்து அந்தச் சத்தத்தைக் கேட்கச் செய்தாள். காது மந்தமானவளுக்குக் கேட்டதோ என்னவோ, "ம்" என்றாள்.

இன்னொரு நாள், பேச்சை முடிக்கும்போது, "குளிரு போகட்டும். வரேன்" என்றாள். மகனிடம் கேட்டதற்கு அவனும் இந்த முறை மறுக்கவில்லை. பெரியவள் தச்சரை விரட்டினாள், பிளம்பரை விரட்டினாள். சின்னவளின் கட்டிலுக்குப் புது மெத்தை தைக்கக் கொடுத்தாள். வாசற்படியில் சட்டத்தோடு ஏற முடியாது என்று ஒரு சாய்தளமும் போடச் சொன்னாள். "இன்னொரு வேலையா?" என்று மேஸ்திரி கேட்டார், ஆனால் போட்டுக் கொடுத்தார்.

குளிர் போவதற்கு முன் சின்னவளுக்குச் சளி கட்டியது. நெஞ்சில் இறங்கியது. அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரம் மகன்தான் பேசினான். அவன் "பெரியம்மா" என்று சொல்லி மூச்சை இழுத்தான். அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அது அவள் தொழிலில் படிந்த பழக்கம்.

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே வந்திருந்தவர்களில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. "நீங்க என்ன வேணும்?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓரகத்தி" என்றாள். "ஓ, அடிக்கடி பேசிக்குவீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, பெரியவள், "கடைசியில பேசினோம்" என்றாள்.

திரும்பி வந்தபோது வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. வர்ணம் பூசுபவருக்கு மட்டும் இன்னொரு பூச்சு பாக்கி. "இப்ப வேணுமாம்மா?" என்று தயங்கிக் கேட்டார். "அடிங்க" என்றாள். அவர் அடித்து முடித்து, ஏணியை மடக்கி, டப்பாக்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவு வரை போய் வழியனுப்பினாள்.

சில மாதம் கழித்து மகன் வந்தான். இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தான். குளியலறைக் கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அலமாரியில் அப்பா படத்தின் பக்கத்தில் அம்மாவின் படத்தை வைத்தான். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க பெரியம்மா" என்றான். புது மெத்தையில் மத்தியானம் கொஞ்ச நேரம் தூங்கினான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களும் எங்களோட வந்துடலாமே" என்றான்.

"பாக்கலாம்பா" என்றாள். அவன் மனசாரத்தான் சொன்னான்; ஆனால் அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் அவன் குரலில் இருந்தது.

அவள் தன் பக்கத்திலேயே இருந்தாள். கூடம் முழுக்கத் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பெருக்கித் துடைப்பதற்குத் தவிர மறுபக்கம் போவதில்லை. வீட்டில் எதுவும் பழுதில்லை. எல்லாம் புதிது. ஆட்களைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை.

ஒருநாள் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். "கூடத்து விளக்கு மினுக்குதுப்பா."

அவன் வந்தான். சுவிட்சைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான். விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டான். பெரியவள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் அண்ணாந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"முழுகாம இருக்காம்மா. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. என்னைப் பாத்தாலே எரிச்சலாம்."

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். நீ எதுத்துப் பேசாத."

டீ தீரும்வரை அவன் பேசிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது விளக்கை இன்னொரு முறை பார்த்தான். "இப்ப மினுக்கலம்மா. இதெல்லாம் ஆள் வந்தா அடங்கிடும். அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை பாக்கறேன்."

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான்.